பிரித்துப்போட்ட எஞ்சின்

தென்காசி ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பஸ், லாரி எஞ்சின்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான் அருமைநாயகம். முப்பத்தேழு வயது. யாரோடும் வம்புதும்புக்குப் போகாதவன் என்று பேரெடுத்தவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் எல்லோரும் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி வந்ததும் அவன் மட்டும் வாயை மூடிக்கொள்வான். அந்த வரி போனதும் மறுபடி சேர்ந்துகொள்வான். பெண்கள் பக்கமிருந்து அவன் மனைவி தங்கபுஷ்பம் இதைப் பல வருஷமாகக் கவனித்துவந்தாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஆண்டவர்கிட்டயே கள்ளத்தனம் பண்ணுதீங்களே, இது நல்லாவா இருக்கு?"

"மனசுல இல்லாததச் சொன்னாத்தான்டி கள்ளத்தனம்" என்றான்.

அவன் மன்னிக்காத ஆள் உலகத்தில் ஒரே ஒருவர். அவர் பெயர் சுந்தரபாண்டியன். குற்றாலத்துக்காரர்.

அருமைநாயகத்தைக் கைப்பிடித்து வேலையில் சேர்த்துவிட்டவரே அந்தச் சுந்தரபாண்டியன்தான். யுத்த காலத்தில் விமானப் படையில் ஃபிட்டராகச் சேர்ந்து தொழில் படித்த அருமைநாயகம், யுத்தம் முடிந்து கையில் ஒரு தகரப் பெட்டியோடு ஊருக்கு வந்து நின்றான். சுந்தரபாண்டியன் அப்போது சென்னையில் ஒரு தனியார் விமானக் கம்பெனியின் எஞ்சின் பட்டறையில் இன்ஸ்பெக்டர். "நம்ம பக்கத்துப் பய, கை சுத்தமானவன்" என்று சொல்லி அவனை உள்ளே சேர்த்தார். கடையநல்லூர் நெசவுத் தெருவிலிருந்து போன காஜாவும் அதே கம்பெனியில் இருந்தான். காஜாவுக்கு வேலை விமானத்திலேயே. சரக்கு ஏற்றிப் போகிற டக்கோட்டா விமானங்களில் கூடவே பறந்து, இறங்குகிற ஊரில் எஞ்சினுக்கு எண்ணெய் பார்த்து, ஏதாவது கோளாறு என்றால் அங்கேயே சரிசெய்துகொண்டு வருவான். அருமைநாயகமும் காஜாவும் பல்லாவரத்தில் ஒரே அறை. ஒரு பாய். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. காஜா மீன் குழம்பு வைத்தால் மாடிப்படி வரைக்கும் மணக்கும்.

விமான எஞ்சின் வேலை பஸ் எஞ்சின் வேலை மாதிரி அல்ல. பஸ் எஞ்சின் நின்றுபோனால்தான் கழற்றுவார்கள். விமான எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், இத்தனை மணி நேரம் பறந்தாயிற்று என்றால் இறக்கி, கடைசி நட்டு வரைக்கும் பிரித்துவிட வேண்டும். டக்கோட்டா எஞ்சினில் வட்டமாகப் பதினான்கு சிலிண்டர்கள். அத்தனையையும் கழற்றி, எண்ணெய்க் கறை போகக் கழுவி, ஒவ்வொரு உருப்படியையும் அளந்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரிக்க வேண்டும். ஆகும் என்றால் பச்சைச் சீட்டு, ஆகாது என்றால் சிவப்புச் சீட்டு. பிறகு ஒன்றுவிடாமல் திரும்பக் கூட்டி, நட்டு கழன்றுவிடாமல் கம்பி முறுக்கி, மேடையில் மாட்டி ஓட்டிப் பார்த்து, அதற்கப்புறம்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். மயிரிழை தப்பினால் மேலே போகிறவன் கீழே வரமாட்டான். அருமைநாயகத்துக்கு இந்த வேலை பிடித்திருந்தது. நல்ல உருப்படி ஒன்றைக் கையில் எடுத்தால் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான்.

1952 ஜனவரியில் ஒரு எஞ்சின் வந்தது. அதன் பிஸ்டன் ராடுகளை அவன் சோதித்துக்கொண்டிருந்தான். ராடைக் காந்தமேற்றி, அதன்மேல் இரும்புத் துகள் கலந்த எண்ணெயை ஊற்றுவது வழக்கம். இரும்பில் விரிசல் இருந்தால் துகள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் நம்பர் ராடின் கழுத்தில் அப்படி ஒரு கோடு எழுந்து நின்றது. சோற்றில் கிடக்கும் தலைமயிர் கனம்தான் இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினான். அதே இடத்தில் அதே கோடு. சிவப்புச் சீட்டைக் கட்டி, பதிவேட்டில் எழுதி, சுந்தரபாண்டியனிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"கீறல்லே இது. எமரித் தாள் போட்டுத் தேச்சாப் போயிரும்" என்றார் சுந்தரபாண்டியன்.

"விரிசல் அண்ணாச்சி. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"மாத்து ராடு கப்பல்ல வரணும். ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் பிளேனைத் தொழுவத்துல கட்டிப் போட்டுட்டு மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

ராப்பகலாக ஆள் போட்டு எஞ்சினைக் கூட்டி ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் அந்த விமானம் சரக்கு நிறைய ஏற்றிக்கொண்டு கிளம்பியது. தரையைவிட்டு எழும்பிக் கொஞ்ச தூரம்தான். வலது பக்கத்து எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்தது. பாரத்தோடு ஒற்றை எஞ்சினில் மேலே ஏற முடியாமல், வற்றிக் கிடந்த ஒரு குளத்துக்குள் போய் விழுந்தது. பைலட்டுகள் இரண்டு பேரும் கை கால் ஒடிந்து பிழைத்துக்கொண்டார்கள். காஜா பிழைக்கவில்லை.

விசாரணை நடந்தது. அந்த ராடு எரிந்த குவியலிலிருந்து இரண்டு துண்டாக வந்தது. சுந்தரபாண்டியன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எனக்கு யாரும் எந்த விரிசலையும் காட்டவில்லை. சோதித்தவர் அருமைநாயகம். அவர் ஆகும் என்று சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்" என்றார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தப் பக்கம் அதில் இல்லை. அருமைநாயகத்தின் வேலை போயிற்று. லைசென்சும் போயிற்று. இனி எந்த விமானத்தின் எந்த நட்டிலும் அவன் கை படக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதையெல்லாம்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான். காஜாவின் நாற்பதாம் நாளுக்குக் கடையநல்லூர் போனான். சுந்தரபாண்டியன் அவனுக்கு முந்தியே வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போயிருந்தார். காஜாவின் மனைவி ஹைருன் பீவி, இரண்டு பெண் குழந்தைகளோடு வாசல் நிலைக்குள் நின்றவள், அவனைக் கண்டதும் வெளியே வந்துவிட்டாள்.

"என் புருசன் ஏறுன எஞ்சினைப் பாத்துவிட்டது நீருதானா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி அவன்மீது தூற்றினாள். "வெளங்கமாட்டீரு. என் பிள்ளைக வயிறு எரியுத மாதிரி உம்ம வயிறும் எரியும்." தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அவளுடைய தம்பி துல்கர்னைன் வந்து, அருமைநாயகத்தைத் தோளைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவன் கடையநல்லூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. அதைத் தாண்டியிருக்கிற புளியங்குடியில் கல்யாணம் என்றாலும், சுரண்டை போய்ச் சுற்றிக்கொண்டு போவான்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவன் இந்தக் கதையை இப்படித்தான் சொன்னான். விரிசல், சிவப்புச் சீட்டு, விபத்து, கிழிந்துபோன பக்கம். அத்தனையும் உண்மை. ஆனால் சீட்டு கட்டிய நாளுக்கும் விமானம் விழுந்த நாளுக்கும் நடுவே ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தங்கபுஷ்பத்திடமும் சொன்னதில்லை.

1959-ல் சுந்தரபாண்டியன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். குற்றாலத்தில் மெத்தை வீடு கட்டினார். மூன்று பஸ் வாங்கி, அம்மன் பேரில் 'குழல்வாய்மொழி டிரான்ஸ்போர்ட்' என்று எழுதி, கடையநல்லூர், தென்காசி, குற்றாலம் என்று ஓட்டினார். பச்சை பஸ். முன்னால் மஞ்சளில் பெயர். ஒரு நாளைக்கு ஆறு தடவை அது அருமைநாயகத்தின் கொட்டகையைக் கடந்து போகும். ஆறு தடவையும் அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அதன் சத்தத்தைக் கேட்பான். அவர் அவனைத் தேடி வரவில்லை. அவனும் போகவில்லை. தென்காசி வட்டாரத்தில் டீசல் எஞ்சினை அடியோடு பிரித்துக் கூட்டத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பது அவனுக்குத் தெரியும். ஓடுகிற எதுவும் ஒருநாள் நிற்கும் என்பதும் தெரியும்.

1961 மே கடைசியில் மூன்றில் புதிய பஸ் நின்றது. டெப்போ மேனேஜர் சங்கிலிப்பாண்டி, எஞ்சினை இறக்கி மாட்டுவண்டியில் போட்டு, கொட்டகைக்குக் கொண்டுவந்தார். இன்னும் பத்து நாளில் சாரல் தொடங்கிவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் குற்றாலத்தில் குளிக்க வருகிற கூட்டம்தான் பஸ் முதலாளிக்கு அறுவடை. சங்கிலிப்பாண்டி தயங்கித் தயங்கித்தான் வந்தார்.

"மொதலாளிக்கும் உமக்கும் ஏதோ மனத்தாங்கல்னு சொல்லுதாக. எனக்கு அதொண்ணும் தெரியாது. மதுரைக்கு அனுப்பினா சீசன் போயிரும். நீரு பாப்பீரா, மாட்டீரா?"

"பாக்கேன்" என்றான் அருமைநாயகம். "எறக்குங்க."

அவன் அன்று மத்தியானமே பிரிக்க ஆரம்பித்தான். பஸ் எஞ்சினைப் பிரிக்கிற மாதிரி அல்ல, விமான எஞ்சினைப் பிரிக்கிற மாதிரி. ஹெட்டைக் கழற்றினான். வால்வுகளைக் கழற்றினான். பிஸ்டன், ராடு, பேரிங், கிராங்க், எண்ணெய்ப் பம்பு, பம்புக்குள் இருக்கிற பல் சக்கரம், சக்கரத்தின் சாவி. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, சாரல் ஈரம் படாமல் மெழுகுத் தாளில் சுற்றி, கொட்டகை முழுக்கப் பலகை போட்டு அடுக்கினான். நாலு நாளில் எஞ்சின் இருந்த இடத்தில் வெறும் கூடு நின்றது. எது எதோடு சேரும், எந்தத் தகடு எந்தப் பேரிங்குக்கு அடியில், எந்த இடைவெளி எவ்வளவு என்பதையெல்லாம் ஒரு சிறிய நோட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துப் பித்தான் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் அந்த எஞ்சினை அவன் தொடவில்லை.

முதல் வாரம் சங்கிலிப்பாண்டி வந்தார். "கிராங்க் தேஞ்சிருக்கு, அளக்கணும்" என்றான். அது பொய்யல்ல. இரண்டாம் வாரம் வந்தார். "பேரிங் சொரண்டணும்." அதுவும் பொய்யல்ல. மூன்றாம் வாரம் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, பஸ் ஸ்டாண்டில் ஜனம் தொங்கிக்கொண்டு போகிறது, இருக்கிற இரண்டு பஸ்ஸும் மூச்சுமுட்ட ஓடுகிறது. சங்கிலிப்பாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகை நடுவில் நின்றார்.

"என்னதான்யா மனசுல வச்சிருக்கீரு?"

"ஓவர்ஹால் நடக்கு. அவசரப்பட்டா உயிர் போயிரும். ஒங்க மொதலாளிக்கு இது நல்லாத் தெரியுமே."

தங்கபுஷ்பம் மத்தியானச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் பலகைகளில் மூடிவைத்திருக்கிற உருப்படிகளைப் பார்ப்பாள். பிணத்துக்குப் போர்த்தின மாதிரி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும்.

"அந்த எஞ்சினைக் கூட்டிக் குடுத்துத் தொலைங்க. ஒங்க மூஞ்சி ஒங்க மூஞ்சி மாதிரியே இல்ல."

"எப்படி இருக்கு?"

"சிரிச்சுக்கிட்டே இருக்கீக. அதான் பயமா இருக்கு."

ஜூலை முதல் வாரம் சுந்தரபாண்டியன் போலீசை அனுப்பினார். வந்த சப்-இன்ஸ்பெக்டர் தாளை விலக்கிப் பார்த்தார். உருப்படிகள் நகைக்கடை மாதிரி மின்னின. "திருடலை, ஒடைக்கலை, தொலைக்கலை சார். இத்தனாம் தேதி தாரேன்னு நான் வாக்குக் குடுக்கவும் இல்ல. வேணும்னா அவிய இப்படியே அள்ளிட்டுப் போவட்டும்" என்றான் அருமைநாயகம். இதில் வழக்குப் போட எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

மறுநாள் சுந்தரபாண்டியனே வந்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குத் தலை முழுக்க நரைத்து, வயிறு சரிந்திருந்தது. பழைய பழக்கத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பலகை பலகையாக நடந்து பார்த்தார். பழைய இன்ஸ்பெக்டர் அல்லவா, பார்த்தவுடனே புரிந்துவிட்டது. இன்னொருவன் பிரித்துப்போட்ட எஞ்சினை, அவன் நோட்டு இல்லாமல், வேறு எவனாலும் ஒழுங்காகக் கூட்ட முடியாது.

"அந்த நோட்டைக் குடு. வேற ஆளை வச்சுக் கூட்டிக்கிடுதேன்."

"வேற ஆளு எதுக்கு அண்ணாச்சி? நீங்க இன்ஸ்பெக்டர்தானே. ஒக்காந்து நீங்களே கூட்டுங்களேன். ஸ்பேனர் தாரேன்."

அவர் ஸ்பேனர் பிடித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. "என்னதான்லே வேணும் ஒனக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் அருமைநாயகம் ஒன்பது வருஷம் காத்திருந்தான். எத்தனையோ விதமாகப் பதில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். இப்போது சொல்லும்போது குரல் தாழ்ந்தே வந்தது.

"அந்த ராடைப் பத்தி நடந்தத நடந்தபடி ஒங்க கையால எழுதணும். எழுதி, எங்கூட கடையநல்லூருக்கு வந்து, காஜா சம்சாரம் முன்னால ஒங்க வாயால வாசிக்கணும். வாசிச்ச மறுநாள் கூட்ட ஆரம்பிக்கேன்."

"நடக்காது" என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது. இரண்டு பஸ்ஸை வைத்து மூன்று பஸ் ஓட்டம் ஓட்டியதில் ஜூலை கடைசியில் இரண்டாவது பஸ்ஸும் புகை கக்கிக்கொண்டு நின்றது. சீசனில் ஒற்றைப் பஸ்ஸோடு நிற்கிற முதலாளியைப் பார்த்துக் குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக்கடைக்காரன்கூடச் சிரித்தான். அருமைநாயகம் தினமும் பச்சை பஸ்ஸை எண்ணுவான். ஆறு தடவை இரண்டு தடவையாயிற்று. அந்த நாட்களில் அவனுக்குச் சோறு அப்படி இறங்கியது.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலையில் சுந்தரபாண்டியன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அருமைநாயகம் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தான். விரிசலை அருமைநாயகம் கண்டுபிடித்தது, தன்னிடம் காட்டியது, தான் எமரி போட்டுத் தேய்த்தது, சிவப்புச் சீட்டை அவிழ்த்தது, பதிவேட்டுப் பக்கத்தைக் கிழித்தது. எல்லாம் இருந்தது. 'மறுநாள் அந்த ராடு எஞ்சினுக்குள் ஏறியதைப் பார்த்து அவர் என்னோடு வாதாடினார். கையெழுத்துப் போடுவது நானா நீயா என்று அவரை அடக்கிவிட்டேன்' என்றுகூட எழுதியிருந்தார். 'வாதாடினார்' என்ற சொல்லை அருமைநாயகம் இரண்டு தடவை படித்தான். நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியில் ஒரு சாட்சி.

"திருப்தியா?" என்று கேட்டார் சுந்தரபாண்டியன். அந்த வரியை அவர் ஏன் எழுதினார் என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

மறுநாள், மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பஸ்ஸிலேயே இரண்டு பேரும் ஏறினார்கள். கூட்டத்தில் இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு இருக்கைதான் கிடைத்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. முதலாளியும் மெக்கானிக்கும் ஒன்றாகப் போகிறார்களே என்று கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடையநல்லூர் எல்லை வந்ததும், ஒன்பது வருஷமாகப் பார்க்காத ரோட்டை அருமைநாயகம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

துல்கர்னைனுக்கு முந்தின நாளே அருமைநாயகம் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தான். தெருவில் தறிச் சத்தம். உள்வாசல் திரைக்குப் பின்னால் ஹைருன் பீவி நின்றாள். திரைக்குக் கீழே அவள் பாதம் தெரிந்தது.

சுந்தரபாண்டியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். போகப் போகக் குரல் தெளிந்துவிட்டது. வாசித்து முடித்ததும் துல்கர்னைன் எழுந்து நின்றுவிட்டான்.

"ஒம்போது வருசம் எங்க வாசல்ல வந்து மிட்டாய் குடுத்துட்டுப் போனீரே. என் அக்கா பிள்ளைக ஒம்ம மடியில இருந்துச்சே" என்றான் சுந்தரபாண்டியனைப் பார்த்து.

திரை விலகியது. ஹைருன் பீவி வெளியே வந்தாள். முக்காட்டுக்குள் முகம் மெலிந்து எலும்பாக இருந்தது. அவள் சுந்தரபாண்டியனைப் பார்க்கவே இல்லை. அருமைநாயகத்தைப் பார்த்தாள்.

"நீரு வாதாடுனீரா?"

"ஆமா மதினி. முடிஞ்ச மட்டும் சொல்லிப் பாத்தேன்."

"அப்போ அந்த ராடு உள்ள கெடக்குன்னு உமக்குத் தெரியும்."

அருமைநாயகம் அப்போதுதான் அந்த வரி எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதைப் பார்த்தான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியும்."

"அவுக அன்னைக்கு அதுல ஏறப்போறாகன்னும் தெரியும்."

"தெரியும் மதினி. நான்தான் கூட நடந்து போயி ஏத்திவிட்டேன்."

"சொன்னீரா அவுககிட்ட?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை. சொல்லியிருக்கலாம். முந்தின ராத்திரி ஒரே பாயில்தான் படுத்திருந்தார்கள். காலையில் ஓடுதளம் வரைக்கும் அரை மைல் நடந்தார்கள். சொன்னால் காஜா ஏறமாட்டான். காஜா ஏறாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். யார் சொன்னது என்று கேட்பார்கள். வேலை போய்விடும். இந்த ஒரு தடவை தாங்கிவிடும், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். தாங்கும் என்று அவனாகவே ஒரு கணக்கும் போட்டு வைத்துக்கொண்டான்.

"இந்தாளு அவுகளுக்கு மேலதிகாரி" என்றாள் ஹைருன் பீவி. "அன்னியன். நீரு ஒரே பாயில படுத்தவரு. அவுக எழுதுன காயிதத்துலயெல்லாம் ஒம்ம பேருதான் இருக்கும். அருமை இதச் சொன்னான், அருமை அதச் சொன்னான்னு."

அவள் அழவில்லை. சுந்தரபாண்டியன் கையிலிருந்த தாளைப் பிடுங்கி நாலாக மடித்தாள்.

"ரெண்டு பேரும் நாசமாத்தான் போவீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது சுந்தரபாண்டியன் மெல்லச் சிரித்தார். "நடந்தத நடந்தபடி எழுதுன்னு சொன்னது நீதான்லே. ஒண்ணும் விடாம எழுதிட்டேன்."

அருமைநாயகம் அவர் முகத்தைப் பார்த்தான். அடிக்கக் கை வரவில்லை. அடித்தால் பாதி அடி தனக்கு விழ வேண்டும் என்று தோன்றியது. "நாளைக்குக் கூட்ட ஆரம்பிக்கேன். ஒம்பது நாளாகும்" என்றான். அவரோடு பஸ்ஸில் ஏறாமல் தென்காசி வரைக்கும் நடந்தே வந்தான். பத்து மைலுக்கு மேல். வீட்டுக்கு வந்து தங்கபுஷ்பத்தை உட்காரவைத்து, அந்த நடு நாளைச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு வெகு நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் எஞ்சின் ஓடியது. அந்த வட்டாரத்தில் அவ்வளவு சுத்தமாக ஓடுகிற எஞ்சின் இன்னொன்று கிடையாது என்று டிரைவர்கள் சொன்னார்கள். ஆனால் ஏறத்தான் ஆள் இல்லை. துல்கர்னைன் அந்தத் தாளைப் பள்ளிவாசலில் வாசித்துக் காட்டிவிட்டான். கடையநல்லூரில் ஒரு நெசவாளிகூடப் பச்சை பஸ்ஸில் கால் வைக்கவில்லை. வெயிலில் நின்று அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், அல்லது நடந்தார்கள். பெண்கள் பச்சை பஸ்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தென்காசியிலும் செய்தி பரவியது. அடுத்த சீசனுக்கு முன்னால் சுந்தரபாண்டியன் மூன்று பஸ்ஸையும் செங்கோட்டைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார்.

செய்தியைச் சங்கிலிப்பாண்டிதான் வந்து சொன்னார். அருமைநாயகத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை. அன்றைக்குக் கடைத்தெருவிலிருந்து அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஒரு விள்ளல் வாயில் போட்டான். நன்றாக இருந்தது. இரண்டாவது விள்ளலை எடுத்தவன் பொட்டலத்திலேயே வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் கடையநல்லூருக்குப் போக ஆரம்பித்தான். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை துல்கர்னைன் வந்து, "எதுக்கு வாரீரு? அக்கா பாக்கமாட்டா" என்றான். "பாக்க வேண்டாம். அந்த ஒரு நாள் முழுக்க என்ன நடந்துச்சுன்னு அவுககிட்டச் சொல்ல வேண்டியிருக்கு" என்று சொல்லித் திரும்பினான். மூன்றாம் தடவையும், நான்காம் தடவையும் வாசலில் நின்றுவிட்டு வந்தான். தெருக்காரர்கள் பழகிப்போனார்கள்.

1963-ல், ரம்ஜான் கழிந்து ஒரு வாரம் இருக்கும், ஐந்தாம் தடவை போனபோது கதவு திறந்திருந்தது. ஹைருன் பீவி உள்வாசலில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அவன் வெளிநடையில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

சொன்னான். எமரித் தாள் போட்ட ராடு எப்படி மின்னியது, அதை எஞ்சினுக்குள் யார் மாட்டினார்கள், தான் போய் எத்தனை வார்த்தை பேசினான், எந்த வார்த்தையில் வாயை மூடிக்கொண்டான், அறைக்கு வந்தபோது காஜா என்ன செய்துகொண்டிருந்தான். எதையும் குறைக்கவில்லை. தனக்குச் சாதகமாக ஒரு சொல் வந்தாலும் அதை எடுத்துவிட்டு மறுபடி சொன்னான். ராட்டை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கேட்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

விடிந்து, இரண்டு பேரும் விமான மைதானத்துக்குக் கிளம்பிய இடத்துக்கு வந்ததும் அவனுக்கு வார்த்தை தட்டியது. நிறுத்திவிட்டான்.

"அன்னைக்குக் காலையில அவுக ஏதும் சாப்புட்டாகளா?" என்று கேட்டாள். அவனைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"சாப்புட்டாரு மதினி. கேண்டீன்ல பூரி. எனக்கு எறங்கல. என் தட்டுல இருந்த ரெண்டையும் எடுத்துக்கிட்டாரு. ஒனக்கு என்னலே வந்துச்சு, ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாரு."

ராட்டை நின்றது. ஹைருன் பீவி அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள்.

"மேல சொல்லும்" என்றாள்.